இசைக்கேற்ற ஊசி: டர்ன்டேபிள், கார்ட்ரிட்ஜ் தேர்வின் வரலாறு

இசைத்தட்டில் பதிந்துள்ள ஒலியை மீட்டெடுக்கும் வேலையை இரண்டு உறுப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. தட்டைச் சீரான வேகத்தில் சுழற்றுவது டர்ன்டேபிள் எனப்படும் சுழல்மேடை; தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றுவது, ஊசியைத் தாங்கும் கையின் முனையில் பொருத்தப்படும் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பேழை. இவ்விரண்டையும் அவரவர் இசை ரசனைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரை இசைத்தட்டு கேட்போரிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அறிவுரை சரியானதே, அது ஏன் சரி என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. புகழ்பெற்ற கருவிகளில் பல, பொதுவான ஓர் இசை ரசிகரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒன்று வானொலி நிலையத்துக்காகவும், இன்னொன்று அமெரிக்க நடுத்தர வீட்டின் வரவேற்பறைக்காகவும், மற்றொன்று நடன அரங்குகளில் வளர்ந்த ஒரு தொழிலுக்காகவும் உருப்பெற்றது. அந்த இடங்களில் ஒலித்த இசையும் அங்கு வேலை செய்தவர்களின் பழக்கமும் கருவியின் எடையிலும் நெகிழ்விலும் ஊசிமுனையின் வடிவிலும் தங்கிவிட்டன. ரசனைக்கேற்பத் தேர்வது என்றால், அந்தப் பிறப்பிடத்தை அறிந்து தேர்வது என்றே பொருள்கொள்ள வேண்டும்.

1877-இல் தாமஸ் எடிசன் உருவாக்கிய போனோகிராப், தகரத்தாள் சுற்றிய உருளையில் ஒலியை மேலும் கீழுமான ஆழவேறுபாடாகக் கீறியது. எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை கோரிய கிராமபோனோ பக்கவாட்டில் நெளியும் தடத்தைக் கைக்கொண்டு, விரைவில் தட்டையான வட்டுக்கு மாறியது. அச்செடுக்க எளிதான தட்டு உருளையை வென்றது. வணிக அளவில் அத்தட்டுகளுக்குப் பிசினாக அமைந்தது அரக்கு; சோட்டா நாக்பூர்க் காடுகளில் அரக்குப் பூச்சி சுரந்த பொருள் கல்கத்தா வழியாக உலகெங்கும் உள்ள தட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. அரக்கோடு கல்பொடி போன்ற கடினமான துகள்களும் கலக்கப்பட்டன. அதற்குக் காரணம் இருந்தது. நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்துடன் அழுந்தும் எஃகு ஊசியைத் தட்டே முதல் சில சுற்றுகளில் தேய்த்து, தன் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இல்லாவிட்டால் ஊசி தட்டைத் தேய்த்துவிடும். இதனால்தான் ஒரு பக்கம் இசைத்து முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டுப் புதிதைப் பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. இருநூறு ஊசிகள் கொண்ட சிறு தகர டப்பாக்கள் கிராமபோன் இருந்த வீடுகளிலெல்லாம் புழங்கின.

ரசனைக்கேற்பத் தேர்வது என்னும் வழக்கம் அந்த டப்பாவிலிருந்தே தொடங்குகிறது. ஊசிகள் உரத்த ஒலி, நடுத்தர ஒலி, மெல்லிய ஒலி என்று பிரித்து விற்கப்பட்டன. பருத்த ஊசி அதிர்வை முழுமையாக ஒலிப்பெட்டிக்குக் கடத்தும். மெலிந்த ஊசி தானே சிறிது வளைந்து அதிர்வின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வேறு திருகு எதுவும் இல்லாத கருவியில், பித்தளை வாத்தியக்குழுவுக்கு ஓர் ஊசியும் தனிக்குரலுக்கு வேறோர் ஊசியும் தேர்ந்தவர் தமக்குக் கிடைத்த ஒரே வழியைப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மூங்கிலிலிருந்து முக்கோணக் குறுக்குவெட்டில் சீவப்பட்ட நார் ஊசிகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் முள் ஊசிகளும் வந்தன. இவை தட்டைக் காயப்படுத்துவது குறைவு; தட்டின் சீறல் ஒலியையும் அடக்கிவிடும். ஆனால் உச்ச ஒலிகளில் ஒரு பங்கு இவற்றோடு கரைந்துபோகும், ஓசை மிகுந்த இடங்களில் நுனி நொறுங்கவும் செய்யும்.

இந்தத் தெரிவு பிரிட்டனில் ஒரு கொள்கைப் பூசலாகவே வளர்ந்தது. நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி 1923-இல் தொடங்கிய ‘தி கிராமபோன்’ இதழில் எஃகு ஊசிக்காரர்களும் நார் ஊசிக்காரர்களும் எதிரெதிரே நின்று எழுதினார்கள். வாத்தியக் கூடலின் முழு வீச்சையும் கேட்க விரும்பியவர் எஃகை விடவில்லை. நால்வர் தந்திவாத்தியக் குழு இசையின் மென்மையையும் தட்டின் ஆயுளையும் பெரிதாகக் கருதியவர் நாரையும் முள்ளையும் நாடினார். ஈ.எம்.ஜி. என்ற லண்டன் நிறுவனம் இந்த இரண்டாம் வகையினருக்காகவே காகிதக் கூழில் செய்த பிரம்மாண்டமான கூம்பு கொண்ட கிராமபோன்களைக் கையால் செய்து தந்தது. மெல்லிய முள் எழுப்பும் சிறு அதிர்வையும் அந்தக் கூம்பு அறை நிறையும் ஒலியாக்கிவிடும். அதே இதழில் பெர்சி வில்சன் 1924-இல், கையின் நீளத்துக்கும் ஊசி தடத்தைத் தொடும் கோணத்துக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையில் ஆராய்ந்து எழுதினார். கை ஒரு முனையில் நிலைபெற்றுச் சுழல்வதால், ஊசி தட்டின் மேல் வில்போன்ற பாதையில் செல்கிறது. தட்டை வெட்டிய கருவியோ நேர்கோட்டில் சென்றது. இந்த வேறுபாட்டைக் குறைக்கும் கணக்கு இன்றும் கார்ட்ரிட்ஜ் பொருத்துபவர் ஒவ்வொருவரும் போட்டாக வேண்டிய கணக்காக நீடிக்கிறது. இசை கேட்பவர்களின் இதழ் ஒன்றில் அது முளைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

1925-இல் மின்வழி ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து, ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் என்ற உறுப்பும் பரவியது. மலிவான பிக்கப்புகளில் ரோஷல் உப்பு என்னும் படிகம் இருந்தது. அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் இயல்பு அதற்கு உண்டு. கிடைக்கும் மின்னழுத்தம் பெரிது என்பதால் பெருக்கியின் செலவு குறைந்தது. ஆனால் இந்தப் படிகம் சுமார் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிதைந்துவிடும். ஈரக்காற்றும் அதற்கு ஆகாது. வெயிலில் காயும் ஊர்களிலும் கடலோரப் புழுக்கத்திலும் அது நிலைக்கக்கூடிய பொருளாக இல்லை. பிறகு செராமிக் கார்ட்ரிட்ஜ் அதன் இடத்தைப் பிடித்தது. ஒலித்தெளிவில் அது பெரிதாகப் போற்றப்படாவிட்டாலும், ஏலம்விடும் வணிகரின் கடையிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி உழைப்பதற்கு அதன் உறுதி வேண்டியிருந்தது. இசைச் சுவையைப் போலவே தட்பவெப்பமும் கார்ட்ரிட்ஜைத் தீர்மானிக்கும் என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை.

கொலம்பியா நிறுவனம் 1948 ஜூன் மாதம் நியூயார்க்கில் அறிமுகப்படுத்திய எல்.பி. தட்டு, ஊசியின் அளவையே மாற்றிவிட்டது. நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டில் ஓர் அங்குல அகலத்துக்குள் நூறு வரிகள் அளவே அமைந்திருக்க, 33⅓ சுற்றுத் தட்டில் 224 முதல் 300 வரை நெருங்கி அமைந்தன. பழைய தட்டுக்கு ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான் என்றால் புதிய தட்டுக்கு 25 மைக்ரான் போதும். 1958-இல் ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தபோது அது 18 மைக்ரான் அளவுக்கு இறங்கியது. ஊசியின் பாரமும் நூறு கிராமிலிருந்து சில கிராம்களுக்குக் குறைந்தது. ஒரே வீட்டில் இரு வகைத் தட்டுகளும் இருந்ததால், சிறு நெம்பைத் திருப்பினால் பருத்த முனையும் மெல்லிய முனையும் மாறி வரும் இரட்டை முனைக் கார்ட்ரிட்ஜ் பிறந்தது. மேலைநாடுகளில் 78 சுற்றுத் தட்டு 1950-களின் இறுதியிலேயே பெரும்பாலும் மறைந்துவிட்டது. இந்தியாவில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட 1960-களின் நடுப்பகுதி வரை 78 சுற்றுத் தட்டுகளாக அச்சிடப்பட்டன. அதனால் அந்த நெம்பு இந்திய வீடுகளில் மிகப் பிந்திய காலம் வரை வேலை செய்தது.

இதனோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளத்தின் அகலத்தைக் கட்டுக்குள் வைக்க, வெட்டும்போது தாழ்ஒலிகளைக் குறைத்தும், சீறலை அமுக்க உச்சஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள்; இசைக்கும்போது பெருக்கி அதை நேர்மாறாகத் திருத்தும். இந்த அளவை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருந்தது. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவை வந்த பின்னரே, ஒரு கார்ட்ரிட்ஜின் குரல்வண்ணத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொதுத் தளம் கிடைத்தது.

இனி, கருவிகள் தம் குணத்தைப் பெற்ற பணியிடங்களுக்கு வரலாம். அவற்றுள் முதன்மையானது வானொலி நிலையம். இங்கிலாந்தின் காரார்ட் நிறுவனம் அரச குடும்பத்துக்கு நகை செய்த காரார்ட் கடையின் கிளையாக 1915-இல் தோன்றியது. முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக்குத் தொலைவு அளக்கும் நுண்கருவிகளைச் செய்துகொடுத்து, போர் முடிந்ததும் ஸ்விண்டன் நகரில் கிராமபோனுக்கான சுருள்வில் மோட்டார்களைச் செய்யத் தொடங்கியது. 1950-களின் நடுவில் அது வெளியிட்ட காரார்ட் 301, மோட்டாரின் அச்சுக்கும் தட்டு மேடையின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர்ச் சக்கரத்தை வைத்து விசையைக் கடத்தியது. இந்த இடைச்சக்கர முறையில் வலுவான மோட்டாரின் முழு இழுப்பும் மேடைக்கு வந்துசேரும். விசையை இட்ட மாத்திரத்தில் மேடை வேகமெடுக்கும். அறிவிப்பாளர் சொல்லை முடிக்கும் கணத்தில் பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் இதைவிட முக்கியமான தகுதி வேறில்லை. ஜெர்மனியின் ஈ.எம்.டி. 930 இதே தேவையை இன்னும் கடுமையாக நிறைவேற்றியது: கனத்த மேடை இடைவிடாமல் சுழன்றுகொண்டிருக்க, அதன் மேல் உள்ள மெல்லிய துணைத்தட்டு மட்டும் தடையால் நிறுத்தப்பட்டிருக்கும், தடை விலகியதும் இசைத்தட்டு அரை நொடியளவில் முழு வேகத்தை எட்டிவிடும்.

இடைச்சக்கரத்தின் விலை, உறுமல். மோட்டாரின் அதிர்வும் ரப்பர் வழியாகவே மேடைக்கு ஏறுவதால், மெதுவான இசையின் அமைதியான இடங்களில் ஒரு தாழ்ந்த முனகல் அடியில் ஓடும். கூர்ந்த பராமரிப்பும் கனமான மரப்பீடமும் அதைக் குறைக்கும், முற்றாக நீக்காது. எனினும் ஜாஸ், ரிதம் அண்டு ப்ளூஸ் போன்ற, தாளக் கட்டுக்கோப்பையே உயிராகக் கொண்ட இசையில் இந்த மேடைகளின் உறுதியான நடை தனியே தெரிந்தது. எனவே 1970-களில் பிரிட்டிஷ் வீடுகளில் பழைய சாமானாகக் கருதப்பட்ட 301-களை ஜப்பானிய ஜாஸ் ரசிகர்கள் தேடித்தேடி வாங்கினார்கள். அவர்களது ரசனை தவறாக இருக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் குரோய் நகரில் 1883-இல் இசைப்பெட்டி செய்யத் தொடங்கிய தோரன்ஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட டி.டி. 124, பெல்ட்டையும் இடைச்சக்கரத்தையும் ஒன்றிணைத்து உறுமலைக் குறைத்தது. டர்ன்டேபிளையும் கார்ட்ரிட்ஜையும் ஏன் சேர்த்தே தேர வேண்டும் என்பதற்கு இந்தக் கருவியைப் போன்ற சான்று அரிது. அதன் மேடை நான்கரைக் கிலோ எடையுள்ள இரும்பு வார்ப்பு. வலிமையான காந்தம் கொண்ட கார்ட்ரிட்ஜை அதன் மேல் கொண்டுபோனால், இரும்பு காந்தத்தை இழுத்து ஊசியின் பாரத்தைக் கூட்டிவிடும். தராசில் மூன்று கிராம் என்று அளந்து வைத்தது பள்ளத்தில் அதற்கு மேல் அழுத்தும். பின்வந்த டி.டி. 124 இரண்டாம் வடிவத்தில் காந்தத்துக்கு வசப்படாத உலோக மேடை வந்ததற்கு இதுவே காரணம். இரண்டு சிறந்த பொருள்கள் சேர்ந்து ஒரு மோசமான கூட்டைத் தர முடியும் என்பதைப் பழைய கருவி வாங்குவோர் இன்றும் மறந்துவிடுகிறார்கள்.

வானொலியிலிருந்து வந்த கார்ட்ரிட்ஜ்களில் இரண்டு, இன்றுவரை உற்பத்தியில் இருப்பதால் தனிக் கவனத்துக்குரியவை. டென்மார்க்கின் ஆர்ட்டோபோன், 1918-இல் பேசும்படத் தொழில்நுட்பத்துக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் தட்டு வெட்டும் தலைகளைச் செய்த நிறுவனம். ஸ்டீரியோவின் வருகையை ஒட்டி அங்கு ராபர்ட் குட்மான்ட்சன் வடிவமைத்த எஸ்.பி.யூ., அசையும் சுருள் வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் காந்தம் நிலையாக நிற்க, ஊசித்தண்டின் மறுமுனையில் உள்ள மயிரிழைக் கம்பிச்சுருள் அசைகிறது. அசையும் எடை மிகக் குறைவாக இருப்பதால் நுணுக்கம் மிகும். சுருள் சிறிது என்பதால் பிறக்கும் மின்னழுத்தமும் சிறிது.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யும் நிப்பான் கொலம்பியாவும் 1960-களின் தொடக்கத்தில் எப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்காகச் சேர்ந்து உருவாக்கிய டெனான் டி.எல். 103-ஐ நெருங்கிப் பார்த்தால், ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வானொலி ஊழியர் நிற்பது தெரியும். ஊசிமுனை 16.5 மைக்ரான் ஆரமுள்ள எளிய உருண்டை. பாடல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஊழியர் தட்டைக் கையால் பின்னோக்கித் திருப்பும்போது, கூரிய முனையைவிட உருண்டை முனை தடத்துக்குத் தீங்கு குறைவாகச் செய்யும். பொருத்துவதில் நுண்ணிய கோணப்பிழை நேர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். பாரம் 2.5 கிராம், நெகிழ்வு குறைவு: நாளெல்லாம் பல கைகள் தூக்கி வைக்கும் கருவி தடம்விட்டுத் தாவக்கூடாது. மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. சாதாரணக் கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தரும் நிலையில், இதற்குத் தனி மின்மாற்றியோ கூடுதல் பெருக்கமோ வேண்டும். நிலையத்தில் அது இருந்ததால் அது குறையாகக் கருதப்படவில்லை. 1970-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது கருவி மாறவில்லை. அதை வாங்கும் வீட்டார், வானொலி நிலையத்தின் கனத்த கையையும் மின்மாற்றியையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. குரலையும் நடுஒலிகளையும் நிறைவாகத் தரும் அதன் இயல்பு, அறிவிப்பும் பாட்டும் மாறிமாறி வரும் ஒலிபரப்பிலிருந்து வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

அமெரிக்க வீடுகளில் வளர்ந்த மரபு நேர் எதிரான திசையில் சென்றது. அங்கே தட்டு உரிமையாளரின் செல்வம். அதைத் தேய்க்காமல் கேட்பதே முதல் கவலை. சிகாகோப் பகுதியின் ஷூர் நிறுவனம் 1958-இல் எம்.3டி. என்ற ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜையும், 1964-இல் வி15-ஐயும் வெளியிட்டது. இவை அசையும் காந்த வகை: ஊசித்தண்டின் முனையில் நுண்காந்தம் அசைய, சுருள்கள் பேழையில் நிலைத்து நிற்கும். மின்னழுத்தம் தாராளமாகக் கிடைக்கும். ஊசி தேய்ந்தால் அதை மட்டும் உரிமையாளரே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மிகக் குறைந்த பாரத்தில் மிக வலுவான அசைவையும் தடத்தைவிட்டு விலகாமல் பின்தொடர்வதை ஷூர் தன் தனிக் குறிக்கோளாக்கிக்கொண்டது. 1973-இல் வந்த வி15 மூன்றாம் வடிவம் முக்கால் கிராம் முதல் ஒன்றேகால் கிராம் வரையிலான பாரத்தில் ஓடியது. பெரும் வாத்தியக்குழு இசையின் உச்சக்கட்டங்களைச் சிதறாமல் கேட்க விரும்பியவர்களுக்காக அது பிறந்தது என்பதில் ஐயமில்லை.

அந்த வீட்டுக்கான டர்ன்டேபிளை எட்கர் வில்ச்சர் 1961-இல் தந்தார். மாசசூசெட்ஸின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தில் அவர் வடிவமைத்த கருவியில் மேடையும் கையும் ஒரே சட்டத்தில் இணைந்து, அச்சட்டம் சுருள்வில்களில் தொங்கியது. மோட்டார் வேறாக நின்று ரப்பர் பெல்ட்டால் மேடையை இழுத்தது. தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியின் மேற்பலகையைச் சுத்தியலால் தட்டிக் காட்டி, ஊசி அசையாமல் ஓடுவதை விற்பனையில் மெய்ப்பித்தார்கள். மரத்தளமிட்ட அமெரிக்க வீட்டில் குழந்தைகள் ஓடினாலும் இசை தடைபடாது. ஐம்பத்தெட்டு டாலர் விலையில் அது உறுமலை ஒழித்தது. ஆனால் அதன் தொடக்கம் மெதுவானது, கையால் தொட்டால் சட்டம் ஆடும். வானொலி ஊழியருக்கு அது பயன்பட்டிருக்காது.

இந்த இரு மரபுகளும் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் வாங்குபவர் இடறுகிறார். கையின் பயன்எடையும் (ஊசி உணரும் எடை) ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் இயல்பான அதிர்வெண்ணைப் பெறும்; அது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை அமைவது நல்லது. அதற்குக் கீழே, 4, 5 ஹெர்ட்ஸ் அளவில், தட்டின் வளைவும் நெளிவும் கையை ஆட்டத் தொடங்கும். மேலே 20 ஹெர்ட்ஸை நெருங்கினால் இசையின் தாழ்ஒலியே அதனால் கெடும். மிகுந்த நெகிழ்வுள்ள கார்ட்ரிட்ஜை 20 கிராம் பயன்எடை கொண்ட கனத்த கையில் பொருத்தினால் இந்த எண் 6 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடுகிறது. சற்றே வளைந்த தட்டு வந்தாலும் ஒலிபெருக்கியின் காகிதக்கூம்பு ஓசையின்றி முன்னும் பின்னும் உதைத்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இங்கிலாந்தின் ஸ்டெய்னிங் ஊரில் அலஸ்டர் ராபர்ட்சன்-அய்க்மன் நிறுவிய எஸ்.எம்.ஈ. நிறுவனத்தின் வரலாறு இந்த மாற்றத்தின் சுருக்கம்: 1959-இல் ஆர்ட்டோபோன் போன்ற கனத்த தலைகளைத் தாங்கும் கையோடு தொடங்கி, 1970-களின் இறுதியில் ஷூர் போன்ற மென்மையான கார்ட்ரிட்ஜ்களுக்காக ஐந்து கிராம் பயன்எடை மட்டுமே கொண்ட கையை அது செய்தது.

1973-இல் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்புரூன் நிறுவிய லின் நிறுவனம், தொங்குசட்டமும் பெல்ட்டும் கொண்ட எல்.பி. 12 மூலம் வேறொரு வாதத்தை முன்வைத்தது. தட்டிலிருந்து எடுக்கத் தவறியதைப் பிற்பாடு எந்தப் பெருக்கியாலும் மீட்க முடியாது. ஆகவே பணத்தை முதலில் டர்ன்டேபிளிலும், அடுத்துக் கையிலும், அதற்கடுத்தே கார்ட்ரிட்ஜிலும் செலவிட வேண்டும் என்றது. கார்ட்ரிட்ஜையும் ஒலிபெருக்கியையும் தலையாயவை என்று நம்பியிருந்த சந்தையில் இது பெரும் பூசலை எழுப்பியது. வாதத்தின் முதற்பாதி மறுக்க முடியாதது. ஒரு வரிசை எல்லா இசைக்கும் பொருந்தும் என்ற இரண்டாம் பாதியோ அவ்வளவு உறுதியானதன்று.

ஏனெனில் அதே ஆண்டில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்தில் ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பெல் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். கூல் ஹெர்க் என்ற பெயரில் அறியப்பட்ட அவர், ஒரே தட்டின் இரு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, பாடலின் தாளவாத்தியப் பகுதியை மட்டும் மாற்றிமாற்றி நீட்டும் முறையை வளர்த்தவர். ஹிப்ஹாப் அதிலிருந்து கிளைத்தது. இந்த இசைக்கு டர்ன்டேபிளே வாத்தியம். மட்சுஷிட்டா நிறுவனம் மோட்டாரின் அச்சையே மேடையின் அச்சாக்கும் நேரடி இயக்க முறையை ஷூயிச்சி ஒபாட்டா தலைமையில் உருவாக்கி, 1970-இல் டெக்னிக்ஸ் எஸ்.பி. 10 ஆகவும் 1972-இல் எஸ்.எல். 1200 ஆகவும் வெளியிட்டிருந்தது. முதலாவது ஒலிபரப்புக்காகவும் இரண்டாவது வீட்டுக்காகவும் விற்கப்பட்டன. டிஸ்க் ஜாக்கிகள் இரண்டாவதைத் தம் வசமாக்கிக்கொண்டார்கள். 1979-இல் வந்த இரண்டாம் வடிவம், குவார்ட்ஸ் படிகத்தால் கட்டுப்படும் வேகத்தையும், அதை எட்டு விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் வல்ல நழுவுகோலையும் பெற்று அவர்களது தொழிற்கருவியாயிற்று.

இங்கே கார்ட்ரிட்ஜின் வரலாறு ஒரு வட்டமடிக்கிறது. தட்டைப் பின்னோக்கித் திருப்புவது வானொலி ஊழியருக்கு ஆயத்த வேலை. டிஸ்க் ஜாக்கிக்கோ அதுவே நிகழ்ச்சி. ஆகவே உருண்டை முனை, விறைப்பான ஊசித்தண்டு, மூன்று கிராமை ஒட்டிய பாரம் என்று டி.எல். 103 பிறந்த அதே தேவைகள், நெகிழ்வைப் போற்றிய ஷூர் நிறுவனத்தின் எம்.44-7 போன்ற பழைய, உரத்த கார்ட்ரிட்ஜை மறுபடி வாழவைத்தன. ஆர்ட்டோபோன் 1979-இல் எடைகுறைந்த வீட்டுக் கார்ட்ரிட்ஜாக வெளியிட்ட ஒல்லியான கான்கார்ட், மாற்றிப் பொருத்த எளிது என்பதாலும் முனை கண்ணுக்குத் தெரிவதாலும் நடன அரங்கில் நிலைத்தது. செய்தவர் எண்ணிய பயன் வேறு; கையாண்டவர் கண்ட பயன் வேறு.

ஊசிமுனையின் வடிவத்திலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஜே.வி.சி. நான்கு ஒலிபெருக்கிகளுக்கான சிடி-4 தட்டுகளை வெளியிட்டது. அவற்றில் 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏற்றிய செய்தியைப் படிக்க, 45 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் முனை தேவைப்பட்டது. நோரியோ ஷிபாட்டா வடிவமைத்த முனை, பள்ளத்தின் சுவரைப் புள்ளியாகத் தொடாமல் நெடுங்கோடாகத் தொட்டது. நான்கு வழி இசை சில ஆண்டுகளில் மறைந்தது. ஷிபாட்டா முனை மட்டும் எஞ்சி, தட்டின் உட்பகுதியில் ஒலி சிதைவதைக் குறைக்கும் வழியாக நிலைபெற்றது.

அந்த உட்பகுதிச் சிதைவு கர்நாடக இசை கேட்பவரை நேராகப் பாதிக்கிறது. பன்னிரண்டு அங்குல எல்.பி.யின் வெளிவிளிம்பில் தடம் ஊசியின் கீழ் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் நகர்கிறது. உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர் அளவே நகர்கிறது. குறுகிய நீளத்தில் அதே அளவு ஒலிவிவரம் திணிக்கப்படுவதால் உருண்டை முனை அங்கே திணறும். மேலைச் செவ்வியல் இசையின் இறுதி முழக்கத்தைப் போலவே, கச்சேரித் தட்டில் பக்கத்தின் கடைசியில் வரும் தனியாவர்த்தனமும் இதற்கு இரையாகும். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் மழுங்குவது பல வேளைகளில் பதிவின் குற்றமாக இராது. இத்தகைய தட்டுகளுக்கு ஷிபாட்டா போன்ற நெடுங்கோட்டு முனை செலவுக்குத் தகும். தம்புராவின் சுருதி இடைவிடாமல் ஒலிப்பதால், மேற்கத்திய நடன இசையில் மறைந்துபோகும் சிறு வேகத் தடுமாற்றமும் இங்கே ஆதார சட்ஜத்தின் தளர்ச்சியாகக் காதில் படும். ஆகையால் கர்நாடக இசைக்கு டர்ன்டேபிள் தேர்பவர், உறுமலைவிட வேகச் சீர்மையை முன்னால் வைப்பது முறை. குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் இயங்கும் நேரடி இயக்கக் கருவி, நடன அரங்கோடு அதற்கிருந்த உறவையும் தாண்டி, இங்கு நன்றாகவே உதவும்.

தமிழ் வீடுகளில் எஞ்சியிருக்கும் தட்டுகளோ ஒரே காலத்தவை அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்து அரக்குத் தட்டுகளை எல்.பி. ஊசியால் இசைத்தால், மெல்லிய முனை அகன்ற பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டு இரைச்சலையே தரும். அவற்றுக்கு 75 மைக்ரான் முனையும் 78 சுற்று வேகமும் கொண்ட கருவி தனியே வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வெளியானது. அந்தக் காலத்து எச்.எம்.வி. தட்டுகளின் எண்ணில் ஈ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ. மோனோ தட்டின் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் இருப்பது கீறலும் தூசியும் மட்டுமே. பக்கவாட்டை மட்டும் கேட்கும் மோனோ கார்ட்ரிட்ஜும், பழைய ஊசிகள் தேய்க்காத உயரத்தில் சுவரைத் தொடும் 25 மைக்ரான் முனையும் இத்தட்டுகளில் தரும் அமைதி, விலை பன்மடங்கான ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் கிடைக்காது. திரைப்பாடல்கள் வெளிவந்த ஏழு அங்குல ஈ.பி. தட்டுகள் 45 சுற்று வேகத்தில் ஓடுவதால், சிறிய தட்டாக இருந்தும் உட்பகுதியில் அவ்வளவு இழப்பதில்லை. செராமிக் ஊசியின் பாரத்தில் அவை பல வீடுகளில் தேய்ந்து போயிருப்பதுதான் தடை.

ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. டெக்னிக்ஸ் 2010-இல் நிறுத்திய 1200-ஐ 2016-இல் மறுபடி தொடங்கியது. டி.எல். 103 இன்னும் செய்யப்படுகிறது. ஷூரின் பேழைகளுக்கு வேண்டிய மாற்று ஊசிகளை, ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தையல் ஊசி செய்யத் தொடங்கிய ஜிகோ நிறுவனம், நெடுங்கோட்டு முனை உட்படப் பல வடிவங்களில் செய்து விற்கிறது. ஆகவே எம்.44-7 வைத்திருப்பவர் இப்போது அதே பேழையில், நடன அரங்குக்கு உருண்டை முனையையும், வீட்டில் கச்சேரி கேட்கும்போது கூரிய முனையையும் மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.